மிக்ஸி காத்திருந்த மூன்று விநாடி

பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், இதுல புதுசு எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் இருதயராஜ் சார். ஒரு கால் செருப்பு இன்னும் கழலவில்லை.

குணவதி அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சறுக்கிக் காலில் மாவுக்கட்டு. அந்தக் காலை முக்காலிமேல் நீட்டி, மடியில் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்.

"முதல்ல அந்தச் செருப்பைக் கழட்டுங்க சார்" என்றார்.

அக்காவுக்குக் காப்புரிமை ஆபீஸில் வேலை. ஒருத்தர் புதுசாக ஒன்று கண்டுபிடித்தால், இது இவருடையது, மற்றவர் எடுத்துச் செய்யக் கூடாது என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும். கொடுப்பதற்கு முன்னால் அது நிஜமாகவே புதுசுதானா என்று பார்க்க வேண்டும். அந்தப் பார்க்கிற வேலைதான் அக்காவுக்கு. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் சுவிட்ச் போட்டதும் எப்படிக் கிளம்ப வேண்டும் என்று யார் எழுதி அனுப்பினாலும் அது அக்காவிடம் வரும்.

சார் அந்த வேலைக்குப் புதுசு. பத்து வருஷம் காலேஜில் கரண்ட் பாடம் எடுத்தவர். அக்காவைவிட நாலு வயசு பெரியவர். ஆனாலும் அக்காவிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அக்கா கால் உடைந்ததிலிருந்து வீட்டுக்கே வந்துவிடுகிறார்.

நான் அங்கே சமைக்கிறேன். என் மகள் இளவேனிலுக்கு ஏழு மாதம். ஹாலில் பாயை விரித்துக் குப்புறப் போட்டால் அங்கேயே நீந்திக்கொண்டிருப்பாள். அவள் இருக்கிற இடத்திலிருந்து சமையல்கட்டு தெரியும். நான் நிற்கிற இடத்திலிருந்து அவள் தெரிவாள்.

வெளி ஆள் வந்தால் எனக்குப் பேச்சு வராது. கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"யாரோட விண்ணப்பம்?" என்றார் அக்கா.

"சாத்தூர் பக்கம் மிக்ஸி ரிப்பேர் கடை வச்சிருக்காராம். தவசிலிங்கம்னு பேரு. மூணு வருஷமா விடாம எழுதறார்."

"என்ன கேட்கறார்?"

"மிக்ஸி மெதுவா கிளம்பணுமாம். மோட்டார் மெதுவா கிளம்பறது எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே வந்தாச்சு. மத்தவங்க முன்னாடியே எழுதின ஏழு பழைய பேப்பர் தேடி எடுத்து வச்சிருக்கேன். வேண்டாம்னு எழுதிடவா?"

"எழுதினா அவருக்கு என்ன ஆகும்?"

"ஒரு கம்பெனி இதைச் செய்யத் தயாரா இருக்காம். நாம எழுதிக் கொடுத்தா, இவரைக் கேட்டுத்தான் அவங்க செய்யணும். கொடுக்கலைன்னா கேட்காமலே செஞ்சுக்கலாம். இவர் மறுபடியும் அடுத்தவங்க மிக்ஸியைக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"எப்போ கடைசி நாள்?"

"திங்கட்கிழமை. சாயந்திரம் அஞ்சு மணி."

அன்றைக்கு வியாழக்கிழமை.

அக்கா கம்ப்யூட்டரை மூடினார்.

"உள்ளே போய் மிக்ஸியைப் போட்டுட்டு வாங்க."

"எதுக்கு மேடம்?"

"கேள்வி கேட்டீங்கல்ல?"

சார் சமையல்கட்டுக்குள் வந்தார். ஜாரில் கொத்தமல்லிச் சட்னிக்கு எல்லாம் போட்டு வைத்திருந்தேன். மூடி மட்டும் வைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

சார் குமிழை ஒரே திருப்பாக மூன்றில் வைத்தார்.

சட்னி பாதி சுவரில். பாதி சட்டையில்.

பாப்பா வீரிட்டாள். உடம்பெல்லாம் தூக்கிப் போட, முகம் சிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு அழுகை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

"பதில் கிடைச்சுதா?" என்றார் அக்கா.

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியிலும் பச்சை.

"மூடி போட்டுட்டு அரைக்கணும்."

"அது எல்லாருக்கும் தெரியும் சார்."

வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். ராத்திரியே உட்கார்ந்து அவர் கையால் செய்தாராம். ஒயர் எல்லாம் வெளியே தொங்கியது.

"புரிஞ்சுபோச்சு மேடம். குழந்தை பயப்படக் கூடாது. அதுக்காகத்தான் தவசிலிங்கம் மெதுவா கிளம்பணும்னு சொல்றார். சரி. ஆனா அதுக்கு அவர் வேண்டாம். நான் எடுத்து வச்ச ஏழு பேப்பர்ல ரெண்டாவதே போதும். அதை அப்படியே பார்த்துச் செஞ்சதுதான் இந்தப் பெட்டி."

"ஓட்டிக் காட்டுங்க."

மிக்ஸியைப் பெட்டியில் மாட்டினார். இன்றைக்கு மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். அப்புறம் குமிழைத் திருப்ப மூன்றாவது கை இல்லாமல் முழித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு கையை எடுத்துத் திருப்பினார்.

மிக்ஸி முதலில் முனகியது. முனகல் உறுமலாச்சு. உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே வந்தது.

பாப்பா நீந்துவதை நிறுத்தினாள். கீழ் உதடு வெளியே வந்தது. சத்தம் கூடக்கூட உதடும் நடுங்கியது. முழுச்சத்தம் வருவதற்கு முன்னாலேயே அழுதுவிட்டாள். நேற்றைவிடக் கூடுதல் நேரம் அழுதாள்.

சார் அவரே மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து, கிட்டத்தில் உட்கார்ந்து, "சாரி பாப்பா, சாரிடா" என்றார். பாப்பா அவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

"புலி மெதுவா நடந்து வந்தா பயம் இருக்காதா சார்?" என்றார் அக்கா.

சார் பாயின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"நீங்க எழுதி வச்சிருக்கிறதைப் படிங்க."

அது இங்கிலீஷில் இருந்தது. அக்கா என் பக்கம் கையைக் காட்டி, "தமிழ்ல சொல்லுங்க, அவங்களுக்கும் புரியட்டும்" என்றார். எனக்குக் காது சூடாச்சு. கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

சார் ஒவ்வொன்றாகச் சொன்னார். தவசிலிங்கம் அனுப்பியதில் அவர் கண்ட குறைகள். முதல் மூன்றும் எனக்குப் புரியவில்லை. மோட்டார், சுற்று, அளவு என்று போனது.

"நாலாவது. சுவிட்ச் போட்டதும் மிக்ஸி ஒரு சின்னச் சத்தம் கொடுத்துட்டு மூணு விநாடி சும்மா நின்னுடுது. அதுக்கப்புறம்தான் ஓடுது. இது ஒரு குறைபாடு. நேரம் வீண்."

"நாலாவதை இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார் அக்கா.

சொன்னார்.

"இன்னொரு தரம்."

சொன்னார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சார் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "மேடம் தூங்கிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"தூங்கலை" என்றார் அக்கா. "மூணு விநாடி சும்மா இருந்து பார்த்தேன். உங்களுக்கே தாங்கலையே."

சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது.

திங்கட்கிழமை மதியம் வந்தார். முகம் வாடியிருந்தது. கையில் அச்சடித்த தாள் ஒன்று.

"மேடம், நான் முடிவு பண்ணிட்டேன். வேண்டாம்னு எழுதியாச்சு. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தேடினேன். இதுல புதுசு ஒன்னும் இல்லை. நீங்க சரின்னு சொன்னா அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுவேன். சரியில்லைன்னா..." நிறுத்தினார். "சரியில்லைன்னா நான் காலேஜுக்கே போயிடறேன். அங்கேயாவது பசங்க நான் சொல்றதைக் கேட்டாங்க."

"கேட்டாங்களா?"

சார் யோசித்தார். "கேட்கற மாதிரி உட்கார்ந்திருந்தாங்க."

அக்கா சிரித்துவிட்டார். சாரும் சிரித்தார். ஆனால் தாளை நீட்டினபடியே இருந்தார்.

அக்கா வாங்கவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"தோசை சாப்பிட்டுட்டுப் பேசலாம். சட்னி அரைச்சிடட்டும்."

பாப்பா பாயில் கிடந்தாள். தன் கால் கட்டைவிரலைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் பாய்க்குப் பக்கத்தில் நின்றார். நான் மிக்ஸி பக்கம் போவதைப் பார்த்ததும் இரண்டு கையையும் பாப்பா காதருகில் கொண்டுபோனார். பொத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"கையை எடுங்க சார்" என்றார் அக்கா.

நான் தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் போட்டு மூடியை அமுக்கினேன். குமிழை இடது பக்கம் ஒரு தரம் திருப்பி விட்டேன்.

டுர்.

நின்றது.

பாப்பா கட்டைவிரலை விட்டாள். கழுத்தைத் திருப்பினாள். சமையல்கட்டைத் தேடி, கதவைத் தேடி, என்னைக் கண்டுபிடித்தாள்.

நான் தலையை ஆட்டினேன்.

அப்புறம் மிக்ஸியை ஓட்டினேன். முழுச்சத்தத்தோடு.

பாப்பா காலை உதைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவளும் வாயைக் குவித்து என்னவோ சத்தம் போட்டாள். மிக்ஸி சத்தத்தில் கேட்கவில்லை.

நிறுத்தினேன்.

சார் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னொரு தரம்" என்றார்.

டுர். நின்றது. பாப்பா பார்த்தாள். தலையை ஆட்டினேன். ஓட்டினேன்.

"இன்னொரு தரம்."

செய்தேன்.

"இன்னும் ஒரே ஒரு..."

"சார், சட்னி தண்ணியா போயிடும்" என்றார் அக்கா. "தோசைக்குத் தொட்டுக்கணும். குடிக்க முடியாது."

சார் பையைத் திறந்து தவசிலிங்கம் அனுப்பிய காகிதங்களை எடுத்தார். தரையிலேயே, பாப்பா பாயில், பாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினார். விரலை வைத்து வைத்துப் படித்தார்.

"ஒரு சின்னச் சத்தம்" என்று முணுமுணுத்தார். "நிறுத்தம். மூணு விநாடி. அப்புறம் ஓட்டம்."

இன்னொரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். அந்த ஏழு பழைய பேப்பரும் அதுதான். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளி வைத்தார். பாப்பா ஒன்றை இழுத்து வாயில் வைத்தாள். அவர் கவனிக்கவில்லை.

"ஏழுலயும் மெதுவா கிளம்புது மேடம். ஒன்னுலகூட நிக்கலை."

தவசிலிங்கம் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"நான் மெதுவான்னு தேடினேன். நிக்கறதைத் தேடவே இல்லை. அதைக் குறைன்னு எழுதிட்டேன்."

"பாப்பா எத்தனாவது பேப்பரைத் தின்னுது பாருங்க" என்றார் அக்கா.

"ரெண்டாவது."

"உங்க பெட்டி."

சார் சிரித்தார். வாயிலிருந்து மெதுவாக உருவி எடுத்தார். ஓரத்தில் எச்சில். உடனே அவர் சிரிப்பு நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"இதுவும் புதுசு இல்லையே. இவங்க தினமும் செய்யறாங்களே. ஏற்கெனவே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா, அது எப்படிப் புதுசாகும்?"

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சாத்தூர்க்காரரை நான் பார்த்ததில்லை. மூன்று வருஷம் எழுதியிருக்கிறார். நான் சட்னி அரைத்ததால் அவர் பிழைப்புப் போகப்போகிறதா? நான் பாட்டுக்கு வெள்ளிக்கிழமை மாதிரி ஒதுங்கி நின்றிருக்கலாம். அக்கா சொன்னால்கூட, கை வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

மணி மூன்றரை.

அக்கா அவசரப்படவில்லை. மாவுக்கட்டுக்குள்ளே அரிக்கிறது என்று ஒரு பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துகொண்டார்.

"அதையும் எழுதுங்களேன்" என்றார். "ஏற்கெனவே தெரிந்தது. சாட்சி, ஏழு மாதக் குழந்தை."

"விளையாடாதீங்க மேடம்."

"நான் விளையாடலை. யார் செய்யறாங்கன்னு சொன்னீங்க?"

"இவங்க."

"மிக்ஸி?"

சார் எழுந்து சமையல்கட்டுக்குள் வந்தார். நான் ஒதுங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மிக்ஸியைப் பார்த்தார். குமிழை மெல்லத் தொட்டுப் பார்த்தார். ஏதோ காய்ச்சல் வந்தவர் நெற்றியைத் தொடுகிற மாதிரி.

"மிக்ஸி செய்யலை" என்றார். "மிக்ஸிக்கு ஒன்னும் தெரியாது. இவங்க கைதான் நிக்குது."

"தவசிலிங்கம் மிக்ஸி?"

"அது நிக்கும்." குரல் மாறியிருந்தது. "யார் போட்டாலும் நிக்கும். நான் போட்டாக்கூட நிக்கும்."

குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொன்னேனே. சட்டையைத் துவைச்சிட்டீங்களா?"

சார் கையிலிருந்த அச்சடித்த தாளைப் பார்த்தார். இரண்டாக மடித்தார். மேடை மேல் நான் காலையில் உரித்துப் போட்டிருந்த பூண்டுத் தோல் காற்றாடிக் காற்றில் பறந்து, அங்கே இங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. தாளை என் பக்கம் நீட்டினார்.

"தங்கச்சி, தோலை இதுல கட்டிப் போட்டுடுங்க."

அச்சடித்த எழுத்தை எப்படிக் குப்பைக்கு எடுப்பது என்று தயங்கினேன். அக்கா தலையை ஆட்டினார். வாங்கிக்கொண்டேன். நல்ல கெட்டித் தாள்.

சார் உட்கார்ந்து தன் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். தோசை இரண்டு ஆறிப்போச்சு. மூன்றாவதை அக்கா திட்டினதால் தின்றார். தட்டினதை அக்காவுக்குப் படித்துக் காட்டினார். அக்கா இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னார். மறுபடி படித்தார்.

"இப்போ எழுதுங்க, சரின்னு" என்றார் அக்கா.

நாலே முக்காலுக்கு அனுப்பினார். மேலே இருக்கிறவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட இன்னும் நாளாகுமாம். ஆனால் வேண்டாம் என்கிற வார்த்தை இனி அதில் இல்லை என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம்" என்றார் சார். "மூணு விநாடின்னு அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்? ஏன் ரெண்டு இல்லை? ஏன் அஞ்சு இல்லை?"

"அவர் கடையிலயும் ஒரு பாய் விரிச்சிருக்கும்" என்றார் அக்கா.

சார் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க எத்தனை விநாடி நிக்கறீங்க?"

இத்தனை நாளாக அந்த மனுஷரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று தெரிந்தது.

"விநாடியெல்லாம் எனக்குத் தெரியாது சார்" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "அவ என்னைப் பார்க்கணும். பார்த்துட்டா போதும். சில நாள் உடனே பார்ப்பா. சில நாள் காலோட விளையாடிட்டு நிதானமா பார்ப்பா. அதுவரைக்கும் நான்..."

பாப்பா சிணுங்கினாள். ஈரம் பண்ணிவிட்டாள்போல. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். துணி மாற்ற உட்கார்ந்தேன்.

அக்கா பின்னால் சொல்வது கேட்டது. "நாளைக்கு இட்லிக்கு மிளகாய்ப் பொடி இல்லை. மிளகாய் வறுத்து வச்சிருக்கு. நீங்க அரைச்சுக் கொடுத்துட்டுப் போங்க சார்."

"நானா?"

"பத்து வருஷம் பாடம் எடுத்தவர்தானே?"

மூடி அமுங்குகிற சத்தம் கேட்டது.

டுர்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். நான் இங்கே இருந்தேன். சத்தம் அங்கே இருந்தது. அவளுக்குக் குழப்பம். சமையல்கட்டுப் பக்கம் கழுத்தைத் திருப்பாமல் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று விநாடி ஆகியிருக்கும். ஐந்தும் ஆகியிருக்கும்.

மிக்ஸி ஓடவில்லை.

சமையல்கட்டிலிருந்து, மூடியை அமுக்கின கையை எடுக்காமல், கழுத்தை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டி, சார் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பாப்பா இன்னும் பார்க்கலையே, கொஞ்சம் இங்க வந்து நில்லுங்களேன்!"

நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு அடி வைப்பதற்குள், பாப்பா மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.